பிரிக்கக் கூடாத சக்கரம்

தராசு சரிபார்க்கும் கூடத்தில் அவளை எல்லோரும் 'முத்திரை அக்கா' என்பார்கள். கடைக்காரர்கள் கொண்டுவரும் தராசுகளின் முத்திரையை உடைத்து, உள்ளே ஏதாவது தில்லுமுல்லு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதையே செய்ததில், மூடி போட்ட எதைக் கண்டாலும் திருப்புளியைத் தேடும் புத்தி வந்துவிட்டது. வீட்டுக் கடிகாரம்கூடத் தப்பவில்லை.

வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே பதினான்கு கிலோமீட்டர், இரண்டு செங்குத்தான மேடுகள். பழைய சைக்கிளின் சங்கிலி அந்த மாதம் இரண்டு முறை மேட்டில் கழன்று காலை வாரியது. இன்னொரு முறை தாமதமானால் சோதனை மேசையிலிருந்து தூக்கிக் கிடங்கில் போட்டுவிடுவேன் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மேசைதான் அவளுக்கு உயிர்.

"இதப் பாருங்க. கியர் எல்லாம் பின்சக்கரத்து நடுவுல, உள்ளயே இருக்கு. சங்கிலி கிடையாது, ரப்பர் பெல்ட்தான். வருஷக்கணக்கா தொடவே வேண்டாம்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"தொட வேண்டாமா, தொடக் கூடாதா?"

"ரெண்டும்தாங்க."

அந்தப் பதில் அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தாள். நான்கு நாள் கடைக்கு நடையாய் நடந்தாள். சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டாள், வாளித் தண்ணீரை ஊற்றினாள், மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி அலுங்காமல் ஏறியது. குறையே கிடைக்காததுதான் அவளுக்குப் பெரிய குறையாகப் பட்டது.

"அவ்வளவு நல்ல வண்டின்னா எதுக்குங்க இன்னும் விக்காம நிக்குது?" என்று கணவனைக் கேட்டாள்.

"நீ மத்தவங்கள வாங்க விட்டாத்தானே?" என்றான் அவன்.

வேறு வழியில்லாமல் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டுக்குள் தரையில் துணியை விரித்துச் சக்கரத்தைக் கழற்றினாள்.

"புத்தம் புது வண்டிம்மா! நாளைக்கு வேலைக்குப் போகணும்ல?" என்று கணவன் பதறினான்.

"உள்ள என்னத்தத் திணிச்சிருக்கான்னு பாத்துட்டு மூடிடறேன்."

உள்ளே பல்சக்கரங்கள் பளபளவென்று, அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். திருப்பி மாட்டும்போது முடி அளவு மெல்லிய ஸ்பிரிங் ஒன்று துள்ளி எங்கோ ஓடியது. கட்டில், பீரோ எல்லாவற்றையும் நகர்த்தியும் அகப்படவில்லை. அது இல்லாமலேயே பூட்டினாள். வாசலில் ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் இரண்டாவது மேட்டில் கியர் கைவிட்டது. பெடல் வெறுமனே சுற்றியது. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது அரைமணி தாமதம்.

"புது சைக்கிள் சார். நல்லாத்தான் இருந்துச்சு. நானே பிரிச்சுக் கெடுத்துட்டேன்," என்றாள் மேலாளரிடம்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புது வண்டிய யாராவது பிரிப்பாங்களா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்கம்மா."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவளும்தான் நம்பியிருக்க மாட்டாள். மேசைச் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கிடங்குப் பக்கம் நடந்தாள்.