வெள்ளைத் தாள்

"பள்ளிக்கூடம் எதுக்கு? நானே சொல்லித் தாரேன்" என்று வீம்பு பிடித்தவள் நான்தான். ஆமத்தூரில் எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே மகளுக்கு எழுத்து கற்பித்தேன். ஏழு வயதில் சரளமாக வாசித்தாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வீடு வீடாக வந்த டீச்சரிடம் பேப்பரை வாசித்துக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீக" என்ற டீச்சர், ஒரு வெள்ளைத் தாளை அவளிடம் நீட்டினார். "ஒனக்குப் பிடிச்சத இதுல வரை, தாயி."

மகள் யோசிக்கவே இல்லை. விறுவிறுவென்று தாளை மடித்துப் பெட்டியாக்கி, என் பக்கம் திரும்பினாள்.

"பசை எங்கம்மா?"

மறுநாளே பள்ளியில் விட்டேன். அம்புட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே இவளை யார் கவனிப்பார்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திரும்பிவந்து ஒட்ட உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

பெட்டி மடிக்க அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.