சவ்சன் டீச்சரும் நஸ்ருல்லோவின் வண்டும்

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மின்சாரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும், எட்டு மணிக்குப் போய்விடும். அதற்குள் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிற புருஷனோடு போனில் பேச வேண்டும், பிள்ளைகள் முதுகில் இரண்டு வைத்து வீட்டுப்பாடம் எழுத வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரிக்கு வேண்டிய சூட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்அடுப்பின் மேல் செங்கற்களைப் பழுக்கக் காய்ச்சி, குட்டை மேசைக்கு அடியில் வைத்து, மேலே மெத்தை போட்டு மூடி, அதற்குள் காலை நீட்டிக்கொள்வோம். மாடு இருக்கிறவர்கள் வரட்டி எரிப்பார்கள்.

சவ்சன் வீட்டில் மாடு இல்லை. அவள் புருஷன் நூரிதீன் ரஷ்யாவுக்குப் போகும்போது டிக்கெட்டுக்காக அதை விற்றுவிட்டான். வீட்டில் அவளும் மகன் ரோமிஷும்தான். ஒன்றரை வயது நெருங்கியும் நடை பழகாத பிள்ளை, நெஞ்சில் எப்போதும் கரகரப்பு. மருத்துவமனை நர்ஸ் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "ரூமைச் சூடா வச்சிக்க முடிஞ்சா வச்சிக்க. முடியலைன்னா எந்நேரமும் கரண்ட் இருக்கற துஷான்பேல ஒன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடு. குளிர்ல வச்சிருந்துட்டுப் புள்ளைய என்கிட்டத் தூக்கிட்டு வராத."

அன்றிலிருந்து சவ்சனுக்கு ஒரே கவலை. பிள்ளையைப் பிரியாமல் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும்.

என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். பள்ளியிலும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நான் பூகோளம், அவள் இயற்பியல். அவள் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். நான் ஆறுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன், என் பிள்ளைகள் மின்னோட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த எரிச்சலில் ஒரு நாள் அவள் வகுப்பு வாசலில் போய் நின்றேன், அப்படியே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆய்வுக்கூட அலமாரியில் முள் அசையாத ஒரு மீட்டரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. டார்ச் பேட்டரி, சின்ன பல்புகள், செத்துப்போன சார்ஜர்களிலிருந்து உரித்த கம்பிகள், இவைதான் அவள் ஆய்வுக்கூடம். முதலில் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் காட்டினாள். ஒன்றைக் கழற்றியதும் எல்லாம் அணைந்தன. அது தொடர் இணைப்பு. பிறகு ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி கொடுத்தாள். ஒன்றைக் கழற்றினால் மற்றவை எரிந்தன. அது பக்க இணைப்பு.

"நம்ம ஊர் வீடுங்க எல்லாம் இந்த ரெண்டாவது மாதிரி. அவங்கவங்களுக்குத் தனி வழி. ஒங்க வீட்டு பல்பு போனா பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒண்ணும் ஆகாது. பர்வோனா, பேட்டரியக் கையில புடி. சுடுதா?"

பர்வோனா வேன் ஓட்டுகிற நஸ்ருல்லோவின் மகள். "லேசா வெதுவெதுன்னு இருக்கு டீச்சர்."

சவ்சன் இன்னொரு பல்பைச் சேர்த்தாள், இன்னொன்று, இன்னொன்று. பல்புகள் மங்கி, பூசணிச் சதை நிறத்துக்கு வந்தன.

"இப்ப?"

"ஐயோ, சுடுது டீச்சர்!"

"ஒவ்வொண்ணு சேரச் சேர, பேட்டரி அத்தனைக்கும் கரண்ட் குடுக்கணும். அது எங்க போகும் பாவம்? நம்ம ஊருக்கு அந்த பேட்டரி எது?"

"மில்லுப் பக்கத்துல இருக்கற டிரான்ஸ்பார்மர்!" என்று வகுப்பே கத்தியது.

பிறகு நடுவில் முடி போன்ற ஒற்றை இழைக் கம்பியை வைத்து, பேட்டரியின் இரண்டு முனையையும் அதன் வழியாக நேராகத் தொடவிட்டாள். இழை சிவந்து, அறுந்து விழுந்தது. "இதான் பியூஸ். மத்ததெல்லாம் பொழைக்கணும்னு இது முதல்ல போயிடும். இது போனா அழக் கூடாது, சந்தோஷப்படணும்."

ஊர் சந்தோஷப்படவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஐந்து மணிக்கு மின்சாரம் வரும், அத்தனை அடுப்பும் ஒன்றாகப் பற்றும், டிரான்ஸ்பார்மரின் பியூஸ் போகும். உண்மையான மின்பணியாளனும் ரஷ்யாவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். புதுப் பியூஸுக்கு அலைந்து அலுத்துப்போன நஸ்ருல்லோ, ஒரு நாள் பென்சில் தடிமன் செப்புக் கம்பியை இரண்டு பக்கமும் கால் போல மடக்கி, பியூஸ் இருந்த இடத்தில் செருகிவிட்டான். பார்ப்பதற்கு வண்டு மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே வண்டுதான். அதன்பிறகு எதுவும் அறுந்துபோகவில்லை. ஊரே அவனைக் கூப்பிட்டுப் புலாவுச் சோறு ஆக்கி விருந்து போட்டது.

சவ்சன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வேனுக்கு எதிரில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, அந்த வண்ட எடுத்துடுங்க. பியூஸ் போகாட்டி டிரான்ஸ்பார்மரே போயிடும்."

"டீச்சர், ஒங்க பாடத்த ஒங்க பசங்களுக்கு நடத்துங்க. நான் எட்டாங் கிளாஸோட ஓடிப் போனவன்."

"வெளையாடாதீங்கண்ணே. எண்ணெய் கொதிச்சி வெடிச்சிரும்."

"வெடிக்கிறப்ப வெடிக்கட்டும். இன்னைக்கி எங்க அம்மா முட்டிக்குச் சூடு வேணுமா வேணாமா? ஒங்க புள்ளைக்கு வேணுமா வேணாமா? சொல்லுங்க. எடுத்துடறேன்."

சவ்சன் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் என்ன சொல்வது? அவன் சொன்னதில் பொய் இல்லையே.

ஊர்த்தலைவர் தோஷ்மத்திடம் போனோம். அவர் நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். பள்ளியில் கூட்டம் போட்டார். சவ்சன் கரும்பலகையில் மேல்தெரு, கீழ்தெரு என்று கோடு போட்டாள். முதல் பாதி நேரம் மேல்தெரு மட்டும் அடுப்புப் போட வேண்டும், அடுத்த பாதி கீழ்தெரு. விளக்கு மட்டும் எல்லாரும் போட்டுக்கொள்ளலாம். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுது" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல அத்தனை வீட்டு அடுப்பும் பற்றியது. மேல்தெரு, தங்கள் முறை என்று போட்டது. கீழ்தெரு, மேல்தெருக்காரர்கள் எங்கே நேரத்துக்கு அணைக்கப் போகிறார்கள் என்று போட்டது. கீழ்தெருவில் சவ்சன் மட்டும் அணைத்து வைத்திருந்தாள். அப்படியே சில நாள் ஓட்டினாள். அவள் முறை வருவதற்குள் விளக்கு பூசணி நிறத்துக்கு வந்துவிடும், செங்கல் கைச்சூடு தாண்டாது. பிள்ளையின் இருமல் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. என் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

"பைத்தியமாடி நீ? ஒருத்தி அணைச்சா ஊர் பொழைச்சிருமா?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

"நானே போட்டா, அப்பறம் யாருக்கா என் பேச்சக் கேப்பாங்க?"

"இப்ப மட்டும் கேட்டுக் கிழிச்சாங்களா?"

அந்த வாரம் வகுப்பில் பர்வோனா எழுந்து நின்றாளாம், பிள்ளைகள் பிறகு என்னிடம் சொன்னார்கள். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தவள். "டீச்சர், ஒரு கேள்வி. பேட்டரி சுட்டா ஒரு பல்பக் கழட்டுறோம். பல்புக்கு வலிக்காது. ஊர்ல எந்த வீட்டக் கழட்டுறது?"

குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சவ்சன் எதையோ எழுதப் போகிறவள் மாதிரி பலகைப் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் வகுப்பிலிருந்து எனக்குச் சத்தமே வரவில்லை.

மறுநாள் பனி விடாமல் கொட்டியது. சாயங்காலம் பால் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். மின்சாரம் வந்திருந்தது. அடுப்பின் மேல் செங்கல் அடுக்கியிருந்தது, ஆனால் பிளக்கைக் கையில் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். மெத்தைக்குள் ரோமிஷ் இருமி இருமி, கடைசியில் இருமவும் முடியாமல் வாயைத் திறந்தான். உதடு நீலமாக இருந்தது.

"போட்டுத் தொலைடி!" என்றேன்.

"நம்ம தெரு நேரம் வரலியேக்கா" என்று அழுதாள். அழுதுகொண்டே பிளக்கைச் செருகினாள்.

அடுப்புக் கம்பி சிவந்தது. அவள் செங்கலைத் திருப்பிவைக்கக் கை நீட்டினாள். மில் பக்கமிருந்து மெத்தையை உதறுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஊர் முழுக்க இருட்டியது. ஜன்னலைத் திறந்து பார்த்தால், கம்பத்தின் மேல் எண்ணெய் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

"என்னோடதுதான் கடைசிக்கா. நான் போட்டதுதான்."

ஊரில் இத்தனை அடுப்பு எரிகிறபோது எது கடைசி என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. அன்றிரவு பிள்ளையை எங்கள் இருவர் உடம்புக்கும் நடுவில் வைத்து விடியவைத்தோம், காலையில் உதட்டின் நீலம் குறைந்திருந்தது.

ஊர் இன்னும் விசேஷம். வண்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "வெடிக்கும் வெடிக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தா, வெடிச்சிருச்சி. சரியான கரிநாக்கு" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவளைக் கண்டதும் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, "அவகிட்டப் பாத்துப் பேசு, எதுனா சொல்லிடப் போறா" என்றாள். குழாய்த் தண்ணீரிலேயே அப்படிச் சொன்னவள் தலையை அமுக்கலாம் போலிருந்தது எனக்கு.

மின்வாரியத்தில், பனி குறைந்தால்தான் புது டிரான்ஸ்பார்மர் கொண்டுவர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். தங்கை முனீரா துஷான்பேயிலிருந்து வந்து ரோமிஷைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் வீடு ஒரே அறை. புருஷன், இரண்டு குழந்தைகள். ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது, அக்காவுக்கு இல்லை. வேன் கிளம்பும்போது சவ்சன் அழவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பிள்ளையின் கழுத்துத் துணியைச் சரியாகக் கட்டச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டே ஓடினாள். வேனை ஓட்டியது நஸ்ருல்லோ. அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகும் அவள் பாடம் நடத்தினாள். குரல் சுவரைத் தாண்டவில்லை. என் பிள்ளைகள் ஆறுகளைப் பற்றி ஒழுங்காக எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

வசந்தத்தில் வருகிற நவ்ரூஸ் பண்டிகைக்குச் சற்று முன்னால் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. பனி இன்னும் கிடந்தது, ஐந்து மணிக் கணக்கும் மாறவில்லை. முனீரா பிள்ளையைக் கூட்டி வந்தாள். ஆமாம், கூட்டி வந்தாள். ரோமிஷ் நடந்தான்! தன் காலால் வாசல்படி ஏறி உள்ளே வந்தான். சவ்சன் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவன் சித்தியின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகள் மேல் ஏறி, எக்கி, சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரியவில்லை. மறுபடியும் தட்டினான். துஷான்பேயில் தட்டினால் எரியும். அவன் திரும்பி சவ்சனைப் பார்த்தான், ஏன் என்று கேட்பது போல.

"வரும்டா கண்ணு. அஞ்சு மணிக்கி வரும்" என்றாள். எத்தனையோ வகுப்புக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்தவள், அவனுக்குச் சொல்ல அவளிடம் அது மட்டும்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு வந்தது. பிள்ளை கைதட்டிச் சிரித்தான், தடுமாறி ஓடிவந்து அவள் மடியிலேயே விழுந்தான். அவள் அவனை இறுக்கிக்கொண்டாள். அடுப்பின் மேல் செங்கல் இருந்தது, இந்த முறை அவள் யோசிக்காமல் போட்டிருந்தாள். பிறகு விளக்கு மங்கி, அணைந்தது. தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம், கூச்சல்.

"பியூஸ் போச்சு! நஸ்ருல்லோவக் கூப்புடுங்கப்பா! வண்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க!"

சவ்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன், மறுபடியும் சண்டை என்றுதான் நினைத்தேன். அவள் வாசலுக்கு வந்ததும் கூட்டம் அடங்கியது. என்ன சொல்லிவிடுவாளோ என்று ஒதுங்கினார்கள். நஸ்ருல்லோ கையில் செப்புக் கம்பியோடு நின்றான், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ரோமிஷ் அவள் தோளில் ஒரு முறை இருமினான்.

"சீக்கிரம் போடுங்கண்ணே" என்றாள் சவ்சன். "புள்ளைக்கிக் குளிருது."