முன்வரிசையில் தூங்கியவர்

என் கணவர் கச்சேரிகளில் நன்றாகத் தூங்குவார். அதுவும் பின்னால் எங்கேயோ ஒரு மூலையில் இல்லை. விமர்சகருக்கென்று சபாக்காரர்கள் முன்வரிசையில் தனியாகப் போட்டு வைக்கும் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவார். பாலாநகரில், விமானத்துக்கு வேண்டிய மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்துப் போய் ஷிப்ட் முடித்து வந்த மனுஷனுக்கு, ஆலாபனை தொடங்கினால் கண் சொருகாமல் என்ன செய்யும்? பார்த்தவர்கள், கண்ணை மூடி ரசிக்கிறார் என்றார்கள். தலை ஆடும்போதெல்லாம் பாடகர்கள் உற்சாகமானார்கள். தூங்குகிறவன் தலை ஆடத்தானே செய்யும்.

விமர்சகர் நான்தான். நான் இடதுபுறம், பெண்கள் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். செகந்திராபாத்தில் அப்போது தமிழ்ச் சபாக்கள் பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துத்தான் கச்சேரி நடத்தின. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. வந்தவர்கள் தாமாகவே அப்படிப் பிரிந்து உட்கார்ந்தார்கள். விமர்சகரின் நாற்காலி ஆண்கள் பக்கத்தில் இருந்தது. நானும் அவரும் ஒன்றாக உள்ளே நுழைந்தால் சபாச் செயலாளர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு, போய் உட்காருங்கம்மா என்று ஒரு சிரிப்பு கிடைக்கும்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், சென்னையிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு நான் ஒரு நாட்டியத்தைப் பற்றி எழுதி, கீழே இனிஷியல் மட்டும் போட்டு அனுப்பினேன். போட்டார்கள். மாதாமாதம் அனுப்புங்கள், புத்தகங்களும் அனுப்பி வைக்கிறோம், மதிப்புரை எழுதுங்கள் என்றார்கள். பெயர் போடுவதில்தான் தகராறு. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன் வீட்டில் ஒருத்தி பத்திரிகையில் எழுதலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

“உன் பேரைப் போட்டா வீடு எங்கன்னு கேப்பான். வீட்டைச் சொன்னா ஃபேக்டரியைக் கேப்பான். வேற பேர்ல எழுது, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் என் கணவர். அவரும் நானும் திருநெல்வேலிப் பக்கம். பயப்படுவதைக்கூடச் சத்தமாகத்தான் பயப்படுவோம்.

ஆசிரியரே ஒரு புனைபெயர் வைத்தார். ஆம்பளைப் பெயர். வைத்தவரும் யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்ட நானும் யோசிக்கவில்லை. பிறகு புத்தகப் பார்சல்கள் ‘திரு’ என்று போட்டு வந்தன. தபால்காரர் என் கணவரிடம் கொடுத்துவிட்டு, சார் ரொம்பப் படிக்கிறவர், பத்திரிகையில் எழுதுகிறவர் என்று தெருவில் சொன்னார், அது சபா வரைக்கும் போயிற்று. அவர் படித்தது தினசரியில் கிரிக்கெட் பக்கம் மட்டும். லீவு லெட்டரையே நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

ஹாலில் உட்கார்ந்து நான் எதையும் குறித்துக்கொள்ள மாட்டேன். பெண்கள் வரிசையில் ஒருத்தி பென்சிலை எடுத்தால், பலசரக்குக் கணக்கா என்று பக்கத்தில் கேட்பார்கள். எல்லாம் ஞாபகத்தில்தான். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து முதல் வரியைச் சொல்லுவேன். காற்றில் பாதி போய்விடும், மீதி அவர் காதில் விழும். பிடித்தால் ‘ஹவ்’ என்பார். பிடிக்காவிட்டால் ‘நக்கோ’ என்பார். ஆமாம், வேண்டாம் என்பதற்கு ஃபேக்டரியில் எல்லாரும் பேசுகிற தக்கிணி உருது வார்த்தைகள். வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. கச்சேரி முழுக்கத் தூங்கிய மனுஷன் நக்கோ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் நக்கோ சொன்ன வரிகளை மறுநாள் பார்த்தால் சகிக்காது. அது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காலையில் அவர் பஸ் போன பிறகு, அடுப்படி மேடையில் நின்றபடியே எழுதிவிடுவேன்.

மல்லாபூரில் ஒரு தொழிற்சாலைத் தமிழர்கள் ராஜா நாடகம் போட்டார்கள். மேனேஜர் அறைச் சுழல் நாற்காலிதான் சிம்மாசனம். மேலே யாரோ ஒருவர் வீட்டுப் பட்டுப்புடவை. ராஜா கோபத்தில் எழுந்தபோது சிம்மாசனம் தானாகச் சுற்றி மக்களுக்கு முதுகைக் காட்டியது. அதை எழுதினேன். நடிகர்கள் என் கணவரை பஸ்ஸிலேயே மடக்கி, எங்களைக் கிழித்துவிட்டீர்களே சார் என்று சண்டை பிடித்தார்கள். அவர், ஐயா நான் இல்லை, என் வீட்டுக்காரி எழுதுதா என்றாராம். பஸ்ஸே சிரித்ததாம். தப்பிக்க எப்படி வழி கண்டுபிடித்திருக்கிறார் பார் என்று.

உண்மையைச் சொல்வதில் அவர் குறை வைக்கவில்லை. ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொன்னார். சபாச் செயலாளரிடம் சொன்னார். தன் நாவலைப் பாராட்டியதற்கு நன்றி சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்த சென்னை எழுத்தாளர் ஒருவரிடம் மூன்று முறை சொன்னார். எழுத்தாளர் தோசையை விண்டபடியே, “எல்லார் வீட்லயும் விமர்சனம் பண்றது வீட்டுக்காரிதான் சார்” என்று சிரித்தார். சாருக்கு எவ்வளவு தன்னடக்கம் என்று போகும்போது என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். அந்த நாவலின் இரண்டாம் பாதி பற்றி அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது. சட்னிதான் கொண்டுவந்து வைத்தேன்.

அதன் பிறகு என் கணவர் சொல்வதை விட்டுவிட்டார். சொல்லச் சொல்ல அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. சலித்துப் போய், நீங்கள் தூங்காமலாவது இருக்கக் கூடாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

“முழிச்சிருந்தா வந்து கேள்வி கேக்கான்” என்றார். “நான் என்னத்தச் சொல்ல?”

நியாயம்தான். எனக்கும் வேலை நடந்தால் போதும் என்றிருந்தது. பெயர் எங்கேயோ போகட்டும், எழுத்து என்னுடையது, பக்கம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் உயிர் கம்பெனி பஸ்ஸிலேயே போய்விட்டது. தூங்குகிறார் என்று நினைத்து பாலாநகர் வரைக்கும் யாரும் எழுப்பவில்லையாம். பஸ்ஸில் தூங்குவதில் அப்படி ஒரு பெயர் வாங்கி வைத்திருந்தார். கேட் வந்ததும் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அழுகை வரவில்லை. வந்தவர்கள் எனக்காக அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உடம்பு முழுக்க ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி தெரியவில்லை. எட்டாவது படிக்கிற என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் நல்ல விமர்சகரை இழந்துவிட்டோம் என்றார்கள். கம்பெனியிலிருந்து ஆபீசர் வந்தார். எனக்கு ஸ்டோர்ஸில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். இதற்கு முன் ஏதாவது வேலை பார்த்த அனுபவம் உண்டா அம்மா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பத்திரிகையில் அவர் போட்டோவைப் போட்டு, நமது விமர்சகர் மறைந்தார் என்று எழுதினார்கள். போட்டோ கொடுத்தது சபாச் செயலாளர். அந்த இதழை எடுத்துக்கொண்டு அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், தஞ்சாவூர்க்காரர், நல்ல மனுஷர். அடுத்த கச்சேரியில் சாரின் நாற்காலியைக் காலியாக வைத்து மாலை போடப் போகிறோம், நீங்கள் வர வேண்டும் என்றார். அன்றைக்குத்தான் என் வாயால் முதல்முறையாகச் சொன்னேன். அவர் எழுதவில்லை, எல்லாம் நான் எழுதியது என்றேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது? நீங்க வேற, அவர் வேறயா?”

அவ்வளவு அன்பாகச் சொன்னார். கையை உருவிக்கொள்ளத் தோன்றவில்லை.

கச்சேரிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். நாற்காலியில் அவர் படம், ரோஜா மாலை. பாட வந்த பெண் மேடை ஏறுமுன் நாற்காலியைக் கும்பிட்டாள். நான் தூணுக்குப் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். ஆனால் நாற்காலியைப் பார்த்துப் பார்த்தே பாடினாள், பயத்தில் பாட்டின் வேகம் கூடி, காலப்பிரமாணம் ஓடியது. இரண்டாவது பாட்டில் என் மண்டைக்குள் வேலை தானாக ஆரம்பித்துவிட்டது. ஒருபக்கம் செத்துக் கிடந்த எனக்குள் அது மட்டும் நிற்கவில்லை. எனக்கே அருவருப்பாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மகள் என் தோளில் சாய்ந்து பாதியில் தூங்கிவிட்டாள். அப்பா மகள்தானே.

திரும்பும்போது பஸ்ஸில் முதல் வரியைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். முன்னால் முதுகு இல்லை. கம்பிதான் இருந்தது.

மறுநாள் எழுதினேன். காலி நாற்காலியின் முன் பாடுவதும் ஒரு பரீட்சைதான், அதில் அந்தப் பெண் பாஸ் மார்க் வாங்கினாள் என்று எழுதினேன். கடைசியில் புனைபெயரைப் போடவில்லை. கம்பெனிக்குப் பயந்தவர் போய்விட்டார், எனக்கு அந்தப் பயம் விட்டுப்போயிருந்தது. என் பெயரை, அப்பா அம்மா வைத்த பெயரை, முழுதாக எழுதினேன். இதைப் போட்டார்களானால் பக்கம் என்னுடையதுதான், இல்லையானால் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தாதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தபடி காத்திருந்தேன்.

இதழ் எனக்கு முன்னால் செயலாளர் கைக்குப் போய்விட்டது. சாயங்காலம் வேகுவேகென்று வந்தார். கண் கலங்கியிருந்தது. போட்டிருந்தார்கள். முழுதாக, ஒரு வரி வெட்டாமல். மேலே என் கணவர் போட்டோ. கறுப்புக் கட்டத்துக்குள், மறைந்த நமது விமர்சகர் கடைசியாக அனுப்பிய கட்டுரை என்று தலைப்பு. கீழே பழைய புனைபெயர். என் பெயரை, கட்டுரையை அனுப்பி வைத்த மனைவியின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் போல. மாதம் தாழ்த்திப் போடுகிற பத்திரிகை. எந்தக் கச்சேரி எப்போது நடந்தது என்று அங்கே யாருக்கு அக்கறை.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கோபம் வந்தால் நன்றாயிருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. “சாரோட கடைசி எழுத்தும்மா, கேளுங்கோ” என்று செயலாளர் வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். நன்றாக வாசித்தார். மகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. நான் எழுதிய எதையும் அவள் அதுவரை கேட்டதில்லை. நானும் வாசித்துக் காட்டியதில்லை.

காலி நாற்காலி, மாலை, அந்தப் பெண் கும்பிட்டது என்று அவர் வாசித்துக்கொண்டே போனார். குரல் தழுதழுத்ததே தவிர, என்ன வாசிக்கிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. அந்த மாலையை வாங்கியவரே அவர்தான்.

மகளுக்கு உறைத்தது. எப்போதும்போல் தெலுங்கில்தான் கேட்டாள்.

“மனமித்தரமே கதா வெள்ளாம்?”

நாம் இரண்டு பேர்தானே போனோம் என்று கேட்டாள். செயலாளர் நாற்பது வருஷம் ஹைதராபாத்தில் இருப்பவர், தெலுங்கு நன்றாகத் தெரியும். வாசிப்பதை நிறுத்தினார். பக்கத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மகள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

“ஹவ்” என்றேன்.