எட்டு நிமிடம் இருபது நொடி

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை. இடம் திருவாதவூர். காலை ஆறேகாலுக்குச் சித்தி இறந்த செய்தி வந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் பழங்காநத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். எதையும் நாள், நேரத்தோடு குறித்துவைப்பது என் வெகுநாள் பழக்கம். அன்றும் பையில் நாட்குறிப்பு இருந்தது.

சித்திக்கு ஒரே மகன். துபாயில் வேலை. எவ்வளவு முயன்றும் அவனுக்கு மறுநாள் இரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதுவரை வைத்திருக்க முடியாது, சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துவிடுவோம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பங்காளி ஒருவர் கொள்ளி வைப்பதாக ஏற்பாடு. துபாயிலிருந்து அவன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, நீங்களாச்சும் செல்லுல லைவா காட்டுங்கண்ணே. அம்மா மொகத்தக் கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."

"நான் காட்டுறேன். நீ வெசனப்படாத" என்றேன்.

அந்தத் தெருவில் என் செல்போனுக்கு மட்டும்தான் ஓரளவு சிக்னல் கிடைத்தது. அன்றைக்குரிய இரண்டு ஜி.பி. டேட்டா அப்படியே இருந்தது. கூடுதலாகப் போட்டுக்கொள்ள இரண்டு முறை முயன்றேன். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். நேரலைச் செயலியில், படம் நொடிக்கு நான்கு மெகாபிட் வேகத்தில் போகும் என்று இருந்தது. என்னிடம் இருப்பது இரண்டாயிரம் எம்.பி. நான்கால் வகுத்தால் ஐந்நூறு நொடி. அதாவது எட்டு நிமிடம் இருபது நொடி.

எழுதி அடிக்கோடும் போட்டேன். தரத்தைக் குறைத்தால் நேரம் கூடும். ஆனால் படம் மங்கிவிடும். அவன் கேட்டது முகத்தை. அதனால் நேரத்தைப் பங்கு பிரித்தேன். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலைக்கு ஒன்றரை நிமிடம், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடுவதற்கு ஒன்றரை, முகம் பார்க்க இரண்டு. மீதி சுடுகாட்டுக்கு.

அவனிடம் சொன்னேன். "எட்டு நிமிசம் போதும்ணே" என்றான்.

இரண்டரை மணிக்கு நீர்மாலை தெருமுனையில் திரும்பியது. ஒரு கையில் செல்போன், மறு கை மணிக்கட்டில் என் பார்வை. ஒன்றரை நிமிடம் ஆனதும் அணைத்தேன். கோடிச் சேலையோடு வந்த தாய்மாமா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, அம்பயர் மாதிரி வாச்சையே பாத்துக்கிட்டு நிக்கிற? ஒஞ் சித்தியப் பாருய்யா" என்றார். எனக்கு விளக்கம் சொல்லவும் நேரமில்லை. கோடி போட்டு முடிக்கும் முன்பே ஒன்றரை நிமிடம் தீர்ந்தது. மறுபடியும் அணைத்தேன்.

நெற்றியில் நாணயம் ஒட்டிச் சித்தியைப் படுக்க வைத்ததும் முகத்தருகே போனேன். அவன் எழுதுவது திரையில் வந்தது. 'கிட்டக்க கொண்டு போங்கண்ணே.' போனேன். இரண்டு நிமிடம் முடியப்போகும்போது அடுத்தது வந்தது: 'இன்னும் கொஞ்ச நேரம்ணே. கையக் காட்டுங்க.'

சுடுகாட்டுக்கு வைத்திருந்ததைத் தொட்டுவிட்டால் கடைசியில் அவனுக்கு ஒன்றுமே இருக்காது என்ற பயம். அணைத்துவிட்டேன்.

சுடுகாடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். அங்கே சிக்னல் சுத்தமாக இல்லை. கரைமேல் ஏறினேன், செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். கீழே தீ பற்றிக்கொண்டது. அவனுக்கென்று சேமித்த மூன்று நிமிடம் இருபது நொடியும் என் கையிலேயே இருந்தது.

திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. டேட்டா பாதி தீர்ந்தால் குறுஞ்செய்தி வர வேண்டும், வரவில்லை. இருப்பைப் பார்த்தேன். ஒன்றே முக்கால் ஜி.பி.க்கும் மேலே மிச்சம். செல்போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, இறங்கியதும் எங்கள் தெருமுனை செல்போன் கடைக்காரரிடம் நாட்குறிப்பைக் காட்டினேன்.

"கணக்கெல்லாம் சரிதாண்ணே, ஆனா ரெண்டும் வேற வேற அளவுல்ல" என்றார் அவர். "வேகத்த பிட்டுல சொல்லுவாய்ங்க. தீந்துபோற டேட்டாவ, அந்த எம்.பி.ய, பைட்டுல சொல்லுவாய்ங்க. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. ஒங்க நேரத்த எட்டால பெருக்கிக்கிருங்க."

அங்கேயே நின்று பெருக்கினேன். ஒரு மணி நேரம் ஆறு நிமிடம் நாற்பது நொடி.

மெகாபிட், மெகாபைட் என்ற இரண்டையும் எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ஒரே பொருள்தான் என்று நானே வைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. கணக்கில் என்னை யாரும் திருத்தியதில்லை என்ற நினைப்பு.

வெள்ளிக்கிழமை அவன் வந்து சேர்ந்தான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அவனைப் பார்க்கக் கிளம்பும்வரை நினைத்தேன். அவன் எதிரே உட்கார்ந்ததும் முடியவில்லை. நாட்குறிப்பை விரித்து, இரண்டு கணக்கையும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எட்டு நிமிசந்தான்னு நீங்க சொன்னதாலதாண்ணே அழுகாமப் பாத்தேன். இல்லாட்டி கண்ணத் தொடச்சுக்கிட்டேதான் இருந்திருப்பேன்" என்றான்.

என்னைத் தேற்றத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. நாட்குறிப்பை மூடி என்னிடம் கொடுக்கும்போது சொன்னான்: "கையத்தான் பாக்கல."

தவறான கணக்கை நான் இன்னும் அடிக்கவில்லை. சரியானதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று கேட்டால், கடிகாரத்துக்குப் போகும் என் கண்ணை இழுத்து அவர்கள் முகத்தில் வைத்துக்கொள்கிறேன்.