நைனா வண்டியில் கறுப்புப் புகை

ஒன்பது வயதிலேயே எனக்கு டீசல் வண்டியின் நோய் பார்க்கத் தெரியும். புகை கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது. ஏழாம் வாய்ப்பாடு வராமல் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவள்தான் நான். ஆனாலும் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்லிவிடுவேன். ஒரு பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த அறிவு என்று கேட்டால், நைனா என்னோடு தங்க வேண்டுமென்றால் அவர் வண்டி புகைந்தாக வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

அம்மா செத்துப்போனபோது எனக்கு ஆறு வயது. நைனா மெட்ராஸில் ஒரு முதலாளியிடம் டிரைவர். முதலாளி வீட்டுக் கார் ஷெட்டின் மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டில்தான் அவருக்கு வீடு. அங்கே என்னை எங்கே வைத்துக்கொள்வார்? கும்மிடிப்பூண்டியில் இருந்த தன் அக்காவிடம் கொண்டுவந்து விட்டார். என் அத்தை கெட்டவள் இல்லை. மூன்று வேளையும் சோறு போட்டாள், வாரம் தவறாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மாமாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. வீட்டுக்கு வந்தால் தூங்குவார். அந்த வீட்டில் பேச்சுக்குத்தான் பஞ்சம். நான் வாசலில் உட்கார்ந்து கல்கத்தா ரோட்டில் போகிற லாரிகளோடு பேசிக்கொண்டிருப்பேன். அவை ஒன்றும் நின்று கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் முதலாளி நிலம் வாங்கி ஒரு ஃபாக்டரி கட்டிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு சனிக்கிழமை வேலையைப் பார்க்க வருவார். அவரை அங்கே இறக்கிவிட்டு நைனா அத்தை வீட்டுக்குச் சாப்பிட வருவார். மொத்தம் ஒரு மணி நேரம். பாதி சாப்பாட்டிலேயே போய்விடும். மீதியில் அத்தை தன் குறைகளை எல்லாம் கொட்டித் தீர்ப்பாள். எனக்கு மிஞ்சுவது, நைனா கை கழுவும்போது சொம்பிலிருந்து நான் தண்ணீர் ஊற்றுகிற நேரம். அதற்காகவே மெதுவாக ஊற்றுவேன்.

பெட்ரோல் விலை ஏறிய பிறகு முதலாளி காரின் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டியிருந்தார். ஒரு சனிக்கிழமை அது கறுப்புக் கறுப்பாகப் புகையைக் கக்கியது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். வண்டி எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மெக்கானிக் பாயின் பட்டறைக்கு வந்தது. பாய் புகையை ஒரு நிமிஷம் பார்த்தார். "கறுப்பா வருதா? டீசலு கீது, எரிய காத்து பத்தல. வண்டிக்கு மூச்சு முட்டுது" என்றார். இன்ஜின் மேலே இருந்த ஒரு உருண்டைத் தகர டப்பாவைத் திறந்தார். காற்று உள்ளே போகிற வழி அதுதானாம். உள்ளே ஃபாக்டரி மண் அத்தனையும் அப்பிக் கிடந்தது. பாய் லேசில் விடுகிற ஆள் இல்லை. கையோடு டீசல் பீய்ச்சுகிற நாசிலையும் கழற்றி மெட்ராஸுக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்.

அதில் எனக்கு இரண்டு நாள் நைனா கிடைத்தார். அடேயப்பா, அந்த இரண்டு நாள்! ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயும் தொங்கியது. அவர் போன பிறகும் மூன்று நாள் அதை அவிழ்க்க விடமாட்டேன் என்று அத்தையோடு மல்லுக்கட்டினேன்.

அடுத்த மாதம் நைனா வந்தபோது, சூடு ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை சட்டி பிடிக்க வைத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு நான் கமுக்கமாக வெளியே போனேன். அது அம்மா தைத்துக் கொடுத்து எனக்குச் சிறுத்துப்போன பாவாடையின் கிழிசல். மஞ்சள் பூப் போட்டது. அதைச் சுருட்டி அந்த டப்பாவின் வாயில் திணித்தேன். வண்டி பிரமாதமாகப் புகைந்தது. முதலாளி ரயிலேறினார். எல்லாம் நினைத்தபடியே நடந்தது, பாயைத் தவிர. அவர் நேராக டப்பாவில் கையை விட்டுத் துணியை உருவி எடுத்தார்.

"டிரைவரே, உன் பொண்ணு என்னாண்ட தொயில் கத்துக்கினா" என்று சிரித்தபடி அதை நைனாவிடம் நீட்டினார். நைனா சிரிக்கவில்லை. அந்த மஞ்சள் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலாக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே போய்விட்டார். இனி வண்டியைத் தொடவே மாட்டேன் என்று பெரியபாளையத்தம்மன் மேல் அத்தை என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அதற்கடுத்த மாதச் சனிக்கிழமை நான் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. சத்தியமென்றால் சத்தியம். அம்மன் கண்ணைக் குத்திவிடுவாள் என்கிற பயம் வேறு. நைனா சாப்பிட்டார், நான் தண்ணீர் ஊற்றினேன், அவர் என் தலையைத் தொட்டுவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார். கிளம்பக் கொஞ்சம் நேரமாயிற்று. அரை மணி கழித்து, முதலாளி இல்லாமல், ரோடே தெரியாத கறுப்புப் புகையோடு வண்டி பாயின் பட்டறைக்கு வந்து நின்றது.

நான் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் நின்றேன். பாய் டப்பாவில் கையை விட்டார். அதே மஞ்சள் பூத் துணி. அவர் துணியைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நைனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாய், "நாசிலும் போயிருக்கும் போல. ரெண்டு நாளு ஆவும்" என்றார்.

அத்தைக்குத் துணி மட்டும்தான் கண்ணில் பட்டது. ரோட்டைத் தாண்டி வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "ஆத்தா மேல சத்தியம் பண்ணிட்டு இப்டி பண்ணிக்கிறியேடீ!" நான் நைனாவிடம் ஓடினேன். "நான் இல்ல நைனா, சத்தியமா நான் இல்ல." அவர் அத்தை பக்கம் திரும்பி, "உடுக்கா, சின்ன கொயந்த" என்றார். அவ்வளவுதான். தன் மகள் செய்யவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. அத்தை அடித்தது அடியே இல்லை. அதுதான் அடி.

இரண்டு நாளும் நான் அவரோடு பேசவில்லை. ஏரிக்குப் போகலாமா என்று கேட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். காராபூந்தி வாங்கி வந்தார், அவர் பார்க்கவே தெரு நாய்க்குப் போட்டேன். சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு என் முதுகுப்பக்கம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அசையவில்லை. திங்கட்கிழமை காலையில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் துளிப் புகை இல்லை.

ஃபாக்டரி கட்டி முடிந்ததும் முதலாளி அங்கே ஒரு மானேஜரைப் போட்டுவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு நைனா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரயிலில் வந்து அன்றைக்கே திரும்பினார். ரயிலுக்குப் புகை வந்தால் யார் நிறுத்துகிறார்கள்? அந்தத் துணியைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், என் மகளுக்குச் சிறுத்துப்போன பாவாடையை அடுப்படித் துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தேன். பாதி கிழியும்போது கை நின்றுவிட்டது. அந்த மஞ்சள் பூத் துணி நைனாவின் சட்டைப் பையில் அல்லவா இருந்தது? நாலாக மடித்து வைத்ததை நானே பார்த்தேனே. ஒரு மாதம் கழித்து அது எப்படி என் கைக்கு வந்திருக்கும்?

முதலாளியிடம் இரண்டு நாள் லீவு கேட்க வாய் வராத மனுஷன், மகளிடம் திருட்டுக் கற்றுக்கொண்டு அந்த இரண்டு நாளைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.