காப்புக் கட்டாமல் வந்த சாமி

எங்க மதினி சண்முகவள்ளிக்கு வருசத்துல ஒரே ஒரு நாள்தான் மரியாதை. ஆடிப் பொங்கலுக்குக் காளியம்மன் அவ மேல வந்து எறங்குற அன்னைக்கு. மத்த நாளெல்லாம் அவ மொளகாப்பழம் பறிக்கப் போறவ, புருசன் விட்டுட்டுப் போனவ. விட்டுட்டுப் போனது என் கூடப்பொறந்த அண்ணன் தங்கப்பாண்டிதான். திருப்பூர்ல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான், நாசமாப் போறவன். கல்யாணம், சடங்குன்னா மதினியை முன்னால நிக்க விட மாட்டாக. சாமி வந்துட்டா மட்டும் அதே ஆளுக 'தாயே'ன்னு வாயைப் பொத்திக்கிட்டு நிப்பாக. ஊர்ப் பெரியாளு காளிராஜ் கூடத் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் குறி கேப்பாரு. ஆடுறவ விழுந்துறக் கூடாதுன்னு பின்னாலேருந்து இடுப்பைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நான்.

கடலாடிக்கு உள்ள தள்ளிக் கிடக்குற எங்க ஊருக்கு, மதினியைத் தேடிக்கிட்டு மெட்ராஸ்லேருந்து நிவேதிதான்னு ஒரு புள்ள வந்துச்சு. அக்காள்மடத்துல கடலைப் பார்த்த வீட்டை வாடகைக்குப் பிடிச்சு, 'ஆதித்தாய் வட்டம்'னு பள்ளிக்கூடம் மாதிரி நடத்துறா. வந்து படிக்கிறதெல்லாம் பெங்களூரு, கோயம்புத்தூருன்னு வேலை பாக்குற பொம்பளைங்க. பழைய காலத்துத் தாய்த்தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டு வாராகளாம். பௌர்ணமிக்கு வட்டமா உக்காந்து விளக்கேத்துவாக, பச்சிலை பத்திப் படிப்பாக. தங்களைச் சூனியக்காரின்னு சொல்லிக்கிறதுல அவுகளுக்கு அவ்வளவு பெருமை. அடி ஆத்தி, எங்க ஊர்ல ஒருத்திக்கு அந்தப் பேரு விழுந்துச்சுன்னா அவ வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக.

நிவேதிதா கெட்ட புள்ள இல்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சலே. மனசாரத் திட்டக்கூட முடியல. மதினியை அங்கன கூட்டிட்டுப் போயி நாக்காலியில உக்கார வச்சுட்டு அவ தரையில உக்காருவா. முளைப்பாரி போடுறது, கும்மிப்பாட்டு, விரதம் பிடிக்கிற முறைன்னு மதினியும் மறைக்காமச் சொல்லிக் கொடுத்தா. படிக்க வந்தவுக டீச்சரம்மான்னு கூப்பிட்டாகளாம். அதை எங்கிட்டச் சொல்லும்போது அந்த முகத்தைப் பாக்கணுமே. கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிச் சிரிக்கல.

வகுப்பு முடியிற அன்னைக்கு, சாமி எறங்குறதைப் பாக்கணும்னு கேட்டுட்டாக. காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஊரு கொட்டுச் சத்தம் கேட்டாத்தான் ஆத்தா வருவா, கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வர மாட்டான்னு மதினி சொல்லியிருக்கா. ராமநாதபுரத்துலேருந்து மேளக்காரகளை வரவழைச்சுட்டாக. அடிச்சாக, அடிச்சாக, ஒண்ணும் வரல. சுத்தி உக்காந்த பொம்பளைங்க இவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காக. டீச்சரம்மான்னு கூப்பிட்டவுகளை வெறுங்கையோட அனுப்ப மனசு வராம, இந்தக் கிறுக்கி முடியை அவுத்து விட்டு ஆடிட்டா. ஆளாளுக்கு வாக்கும் சொல்லியிருக்கா. எல்லாரும் அழுதாகளாம்.

படிக்க வந்தவ ஒருத்தி அதை வீடியோ எடுத்துப் போட்டுட்டா. எங்க ஊர்ல ஒரு போன் பாக்கியில்லாம ஓடுச்சு. ஆடி மாசம் காப்புக் கட்டுறதுக்கு முன்னால கூட்டம் கூட்டுனாக. காளிராஜ் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"அங்கன வந்தது ஆத்தாவா, நீயா?"

ஆத்தான்னு சொன்னா, காப்புக் கட்டாத மண்ணுல, கண்டவுக முன்னால சாமியை எறக்குன பாவி. நான்தான்னு சொன்னா, அப்ப இத்தனை வருசமா எங்க முன்னால ஆடுனது யாருன்னு அடுத்து கேப்பாக. அவ குறி சொல்லி மகளைக் கட்டிக் கொடுத்தவன், கெணறு வெட்டுனவன் எல்லாம் அங்கனதான் உக்காந்திருக்கான். இனிச் சாமியாட மதினி கையில வேப்பிலை கொடுக்குறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாக. நான் எந்திரிச்சு வாய்க்கு வந்தபடி வைஞ்சேன். ஒரு பய காதுல வாங்கல.

நிவேதிதா போன்ல அழுதா. வீடியோவை அழிச்சாச்சு, நான் வந்து ஊர்ல பேசட்டுமான்னு கேட்டா. நீ வந்தா இன்னும் கெடும் தாயி, அங்கனயே இருன்னுட்டேன். அவ வட்டம் நல்லாத்தான் நடக்குது. மதினிகிட்டப் படிச்ச ஒருத்தி இப்பக் கோயம்புத்தூர்ல தேடி வாரவுகளுக்கு வாக்குச் சொல்றாளாம். அவளை ஏன் ஆடுனேன்னு கேக்க அங்க ஒரு நாதியில்ல.

பொங்கலன்னைக்கு மதினி கோயில் பக்கம் வர மாட்டான்னுதான் நெனச்சேன். வந்துட்டா. கூட்டத்துக்குக் கடைசியில, பந்தக்காலை ஒட்டி நின்னா. கொட்டு ஏற ஏற அவ உடம்பு உதற ஆரம்பிச்சுருச்சு. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடிச்சேன். விடு மதினி, வந்தா வரட்டும், எவன் தடுக்குறான்னு பாத்துருவோம்னு காதுல சொன்னேன். அவ பந்தக்காலை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, கொட்டு ஓயிற வரைக்கும் எடத்தை விட்டு அசையல. எனக்கு ஆத்திரம் தாங்கல. காளிராஜுக்குப் பயந்துதான் இப்படி நின்னியான்னு கேட்டேன்.

"அவருக்கு என்ன பயம்? அங்கன நடிச்சப்பவும் உடம்பு இப்படித்தான் நடுங்குச்சு, மாரி. இப்ப வந்தது ஆத்தாளா நானான்னு எனக்கே தெரியல."