பொய்ப் பத்து

கார் நிறுத்தும் அறையிலிருந்து இரும்பு முனகும் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்த வெல்டாவின் கை நின்றது. வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கி வைத்த துப்பாக்கிக் குழல், மரை கழன்று வரும்போது எழுப்பும் முனகல் அது. அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம்தான். ஆனால் வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கணவன் க்ளென், சாலையில் பனி அள்ளும் வண்டியோடு விடியும் முன்பே மலைப்பாதைக்குப் போயிருந்தான்.

கையில் கத்தியோடேயே போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே தம்பி ஆரின் நின்றுகொண்டிருந்தான். அவளுடைய துப்பாக்கி மேசைமேல் குழல் இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. கழற்றிய குழல் அவன் கையில் இருந்தது. பக்கத்திலேயே பழைய போர்வைக்குள் இன்னொரு குழல், புதிதாக மின்னியது.

"அக்கா, நீ பஸ் ஓட்டப் போயிருப்பேன்னு நெனச்சேன்," என்றான்.

"பனிக்கு இன்னைக்கு ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கொலராடோ மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுபவள் வெல்டா. ஐம்பத்து மூன்று வயது. ஆயிரம் கஜம் தள்ளி வைத்த இலக்கைச் சுடுவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தூரத்தில் காற்றுதான் எதிரி. காற்றுக்கு அசையாமல் போக, நீளமான கனத்த குண்டு வேண்டும். நீளமான குண்டு தலை சாயாமல் பறக்க, அது வேகமாகச் சுழல வேண்டும். அதனால் உள்ளே பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் வரிகளோடு ஒரு குழல் செய்து கொடு என்று தம்பியிடம் கேட்டிருந்தாள். ஊரில் லேத் பட்டறை வைத்து குழல் கட்டுவது அவன்தான். அவன் கொடுத்த குழலின் அடியில் அவள் பெயரும் அதன் கீழே பத்து என்ற எண்ணும் பொறித்திருந்தன.

கோடை முழுக்க மலைமேல் அந்தக் குழல் குறி தப்பாமல் சுட்டது. அதை நம்பித்தான், நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்காகப் போன வாரம் கிழக்குக் கரைக்குப் போனாள்.

அங்கே கடலிலிருந்து எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று வந்தது. முதல் குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. அடுத்தது காகிதத்தில் பட்டது. ஆனால் வட்டமாக அல்ல. குண்டு படுத்தபடி புகுந்த நீளக் கிழிசல். இலக்குக்கு அடியில் பள்ளத்தில் இருந்து குண்டு பட்ட இடத்தைச் சொல்பவன், அந்தம்மா சாவித் துவாரம் போட்டிருக்காங்க என்று வாக்கி டாக்கியில் சொன்னான். வரிசையில் படுத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அணித் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மார்ச்சில் இதே மைதானத்தில் இன்னொரு முறை சுடுங்கள், அப்போதும் இப்படியென்றால் பெயரை எடுத்துவிடுவேன் என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தன்னையே நொந்துகொண்டாள். வெடிமருந்து அளந்ததில் பிழையோ, கண் போய்விட்டதோ, வயதாகிவிட்டதோ என்று. தகவலை ஆரினுக்குச் சொன்னவன் க்ளென். குண்டு படுத்துக்கிட்டே போச்சாம் என்று அவன் சொன்னதுமே, ஒரு கேள்வியும் கேட்காமல் ஆரின் போனை வைத்துவிட்டானாம். அது ஏனென்று இப்போது அவளுக்கு விளங்கியது.

"அதை இப்படிக் குடு," என்றாள்.

துடைப்புக் கம்பியின் நுனியில் துணியை இறுக்கிச் சுற்றினாள். குழலுக்குள் செலுத்தி, கம்பியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். மெல்லத் தள்ளினாள். உள்வரிகளைப் பற்றிக்கொண்டு கம்பி தானாகத் திரும்பியது. கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி, உள்ளே போன நீளத்தை டேப்பால் அளந்தாள்.

பன்னிரண்டு அங்குலம். பத்தை விட மெதுவான சுழற்சி.

யார் குழல் கொடுத்தாலும் முதலில் இப்படி அளப்பாள். தம்பி கொடுத்ததை மட்டும் அவள் அளக்கவில்லை. அதை அளப்பது, அவன் பரிமாறிய சாப்பாட்டை மோந்து பார்ப்பது போலிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆரின் ஏதேதோ சொன்னான். பத்து அங்குல வரி போட்ட குழல் கம்பெனியிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்களாம். சிறிய குண்டுக்கென்று ஒருவர் சொல்லிவைத்துவிட்டு வேண்டாமென்று விட்ட குழல் பட்டறையில் சும்மா கிடந்ததாம். மலைமேல் நன்றாகத்தானே சுட்டது என்றான்.

"மேல காத்து ரொம்ப லேசுடா. எந்தக் குண்டும் சாயாது. கீழ கடலோரக் குளிர்ல காத்து அடர்த்தியா இருக்கும், இந்தச் சுத்து பத்தாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பத்துன்னு குத்துனியா?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ கீழ போய்ச் சுடுவேன்னு நான் நெனைக்கலக்கா. உன்னையெல்லாம் அணிக்குக் கூப்பிடுவாங்கன்னு..." முடிக்காமல் விட்டான்.

வெல்டா கம்பியை மேசைமேல் வைத்தாள். அம்மா வீட்டை விட்டுப் போன குளிர்காலத்தில், இவனுக்குத் தினமும் ஷூ நாடா கட்டிவிட்டுப் பள்ளிக்கு இழுத்துப் போனவள் அவள். கடலோரத்தில் சிரித்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள். இவனோ, அவள் தோற்பாள் என்று கோடையிலேயே முடிவுகட்டி, அதைக் குழலில் கடைந்து கையில் கொடுத்திருக்கிறான்.

போர்வையை விலக்கினாள். புதுக் குழலிலும் அவள் பெயர், அதே எழுத்து, கீழே அதே பத்து. வித்தியாசம் தெரியாதபடி ராப்பகலாக உட்கார்ந்து செய்திருந்தான்.

"நான் பஸ்ஸுக்குப் போயிருந்தா, சத்தமில்லாம மாத்திட்டுப் போயிருப்ப. மார்ச்ல நல்லாச் சுட்டிருப்பேன். அன்னைக்கு என் கைதான் கெட்டுப்போச்சுன்னு சாகுற வரைக்கும் நெனச்சிட்டு இருந்திருப்பேன். இல்ல?"

அவன் புதுக் குழலை அவள் பக்கம் தள்ளினான். இது நிஜமாகவே பத்துதான், கோடையில் சொல்லிவைத்தது இப்போதுதான் வந்தது, இப்போதே மாட்டித் தருகிறேன் என்று முணுமுணுத்தான்.

அவள் கம்பியை எடுத்தாள். புதுத் துணியைச் சுற்றினாள்.

"அக்கா, என் கண்ணு முன்னாடியே அளக்கிறியா?"

அவள் அளந்தாள். பத்து. டேப்பைச் சுருட்டும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. சின்ன வயதில் முட்டி உரிந்துகொண்டு வந்து நின்ற அதே முகம்.  அவள் டேப்பை மேசையில் வைத்தாள்.

"குழல் இருக்கட்டும். மார்ச்சுக்கு இது வேணும். நானே மாட்டிக்கிறேன்."

"நான் இருந்து..."

"சாவிய வெச்சிட்டுப் போ."

அந்த வீட்டின் சாவி அவனிடம் பதினைந்து வருடங்களாக இருந்தது. வளையத்திலிருந்து அதைக் கழற்ற அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று. மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பக்கக் கதவை நோக்கி நடந்தான். வெல்டா தலையை ஆட்டி மறுத்தாள். சமையலறை வழியாக, உரித்த கிழங்கைத் தாண்டி, அவனை முன்வாசலுக்கு அழைத்து வந்தாள். எப்போதாவது வரும் வெளியாட்கள் போகும் வாசல் அது.

படியில் இறங்கியவன் பனியில் நின்று திரும்பினான். மார்ச்சில் கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தான்.

வெல்டா கதவைச் சாத்தினாள்.